பாம்பு முட்டைக்குப் பானையா, பல்ப் பெட்டியா, மீன்தொட்டி ஹீட்டரா?

வேலந்தாவளம் பக்கத்துத் தோப்பு ஒன்றில் பட்டுப்போன தென்னையை வேரோடு எடுத்தபோது அடியில் முட்டைகள் கிடைத்தன. தோப்புக்காரர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, வெள்ளையா, தோல் மாதிரி மெத்துனு இருக்குது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குது. என்ன பண்றது?" தொடாதீங்க அண்ணா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் கூலியாட்கள் எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளிப் போட்டுவிட்டார்கள். பதிமூன்று முட்டைகள். எது மேல், எது கீழ் என்று இனி யாருக்கும் தெரியாது.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீடு கட்டும் சீசனிலும் தோப்பு திருத்தும் சீசனிலும் இப்படி அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பாம்பு மீட்புக்குப் பயிற்சி எடுத்த தம்பிகள், இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்தும், கேட்பது ஒரே கேள்விதான்: முட்டை கைக்கு வந்துவிட்டது, எந்தப் பெட்டியில் வைப்பது? நான் பயன்படுத்திப் பார்த்த வழிகளை வைத்து எழுதுகிறேன்.

பெட்டிக்கு முன்னால் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் அதன் குஞ்சும் முட்டையும் சேர்த்துத்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்லபாம்பும் சாரையும் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கின்றன. மலைப்பாம்பு அதற்கு முன்பே அங்கே இருந்தது. ஆகவே முட்டை கிடைத்த அன்றே வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கேரளத்தில் வனத்துறையின் சர்ப்பா செயலி வழியாகச் சொல்லலாம், தமிழ்நாட்டில் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லலாம். அவர்கள் "நீயே வைத்துப் பார்" என்று பொறுப்புக் கொடுத்தால்தான் கீழே எழுதியிருப்பது உங்களுக்குப் பொருந்தும். எல்லையோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோபாலபுரத்தில் இந்தப் பக்கம் எடுத்த முட்டையை, நண்பர் வீட்டில் நல்ல பெட்டி இருக்கிறது என்று ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஐந்து நிமிட தூரம்தான், ஆனால் மாநிலம் மாறிவிடுகிறது. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

எதை வைத்து அளப்பது

சாரைக்கும் நல்லபாம்புக்கும் 28 முதல் 31 டிகிரி வரை இருந்தால் போதும். 26க்கு இறங்கினால் பொரிக்கும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 34ஐத் தாண்டி நின்றால் கரு செத்துப்போகும், அல்லது முதுகெலும்பு வளைந்த குஞ்சு வரும். குறைந்தால் தாமதம், கூடினால் சாவு. இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40ஐத் தொடுகிறது. நம் ஊரில் முட்டையைச் சூடாக்குவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சூடேறாமல் எப்படிக் காப்பது என்று கேட்பவர்கள் குறைவு. நான் இழந்த முட்டைகளெல்லாம் சூட்டில்தான் போயின.

அடுத்தது ஈரம். பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை ஓடு போலக் கெட்டியாக இருக்காது, தோல் போன்றது. சுற்றியிருக்கும் ஈரத்தை உறிஞ்சி முட்டை நாளுக்கு நாள் பருக்கும். ஈரம் இல்லையென்றால் சில நாட்களில் குழி விழுந்து சுருங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காய்ந்த காற்று எதையும் சும்மா விடாது.

மூன்றாவது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. நான்காவது, ஏறக்குறைய 60 நாள் நீங்கள் கொடுக்க வேண்டிய கவனம். பெட்டியின் விலையைக் கடைசியில் வைக்கிறேன், எல்லாமே சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம்தான்.

எந்த வழிக்கும் பொதுவான உள்டப்பா

எந்த வழியானாலும் முட்டைகளை நேரடியாகப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் ஊசியால் நாலைந்து துளை, உள்ளே மூன்று விரல் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் நார்த்தூளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் புதிதாக வந்த தூளில் உப்பும் கறையும் இருக்கும். மூன்று நாலு தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஒரு கை அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டை போல உருண்டு நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. நர்சரிகளில் கிடைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளும் நல்லதுதான், அதற்கு எடைக்கு எடை தண்ணீர் என்பது கணக்கு.

முட்டை எந்தப் பக்கம் மேலாகக் கிடந்ததோ அந்தப் பக்கமே மேலாக இருக்க வேண்டும். இட்டு ஒரு நாள் தாண்டினால் கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் புரட்டினால் மஞ்சள் கரு அதன் மேல் அழுந்திக் கொன்றுவிடலாம். எடுக்கும் முன்பே பென்சிலால் மேலே ஒரு கோடு போடுங்கள், பேனா மை வேண்டாம். ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பிரிக்காமல் கொத்தாகவே வையுங்கள். வேலந்தாவளம் வாளி போல எல்லாம் குழம்பிப் போயிருந்தால், இருட்டறையில் மொபைல் டார்ச்சை முட்டையின் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் கூடியிருக்கும் இடம் தெரியும். அதை மேலே வைத்துவிடுங்கள். நரம்பே இல்லாமல் முழுக்க மஞ்சளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கூமுட்டை. ஆனாலும் நான் உடனே எறிவதில்லை, தனி டப்பாவில் பத்து நாள் பார்ப்பேன்.

வழி 1: எடுக்காமலே விடுவது

மற்ற எல்லா வழியையும் விட இது மேல். தாய் தேர்ந்தெடுத்த இடத்தில் சூடும் ஈரமும் ஏற்கெனவே சரியாக இருக்கும். கறையான் புற்றில் முட்டை கிடைப்பது அதனால்தான். கனத்த மண்சுவர் வெயிலைத் தடுக்கிறது, அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது. நம் பெட்டிகள் எல்லாம் அந்தப் புற்றைப் பார்த்துச் செய்ய முயல்பவைதான்.

இதன் மறைமுகச் செலவு மனிதர்களைச் சமாளிப்பது. வீட்டுக்காரர் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும், வேலை நிற்க வேண்டும். முடியாது என்றுதான் முதலில் சொல்வார்கள். அவர்களிடம் நான் காசர்கோட்டைச் சொல்வேன். 2022இல் அங்கே தேசிய நெடுஞ்சாலை 66ஐ அகலப்படுத்தும்போது மலைப்பாம்பு முட்டைகள் கிடைத்தன. அந்த இடத்தில் மட்டும் 50 நாளுக்கு மேல் வேலையை நிறுத்தி வைத்தார்கள். கடைசிக் கட்டத்தில்தான் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள், குஞ்சுகள் நல்லபடியாக வெளியே வந்தன. நெடுஞ்சாலைக்காரர்களே பொறுத்திருந்தார்கள் என்றால் ஒரு கோழிக் கொட்டகைக்காகப் பொறுக்கக் கூடாதா? பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். பாம்புகளுக்கென்று விட்டுவைத்த தோப்பான சர்ப்பக்காவிலோ, பால் ஊற்றிக் கும்பிடும் புற்றிலோ இருந்தால் பேச்சே தேவைப்படாது, யாரும் தொட மாட்டார்கள்.

முட்டைகள் வாளியில் வந்துவிட்ட பிறகும், இடமே இடிந்துபோன பிறகும் இந்த வழி இல்லை.

வழி 2: பானைக்குள் பானை

வாய் அகன்ற ஒரு பெரிய பானை, அதற்குள் சின்னது ஒன்று, நடுவில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்று மணல். மணலில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்பானையில் முட்டை டப்பா. வாயில் நனைத்துப் பிழிந்த சாக்கு. வெயில் படாமல், ஆனால் காற்று வரும் இடத்தில் வைக்க வேண்டும். ஓட்டு வீட்டின் திண்ணை மூலை இதற்கு அமைப்பான இடம். தகர ஷீட் போட்ட அறை கூடவே கூடாது.

கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. ஆரம்பத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஏப்ரலில் அறைக்குள் 34 காட்டிய மதியத்தில் உள்பானையில் 30 இருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். தண்ணீர்ப் பானை குளிரும் அதே கணக்குதான். மணலின் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காய்ந்த காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. கணவாய்க் காற்றை நாம் திட்டிக்கொண்டே இருக்கிறோம், இங்கே அதுவே உதவிக்கு வருகிறது.

ஜூனில் மழை பிடித்ததும் காற்றில் ஈரம் ஏறிவிடும், பானை குளிர்வது நின்றுவிடும். ஆனால் அப்போது அறையே 26, 27க்கு இறங்கியிருக்கும், குளிர்விக்க வேண்டிய தேவையும் இல்லை. மே மாதத்தில் கிடைத்த ஒரு ஈட்டு (ஒரே தடவையில் இட்ட) முட்டைக்கு இந்த இரண்டு பருவமும் நடுவில் வரும். இரண்டையும் பானை தானாகவே தாண்டிவிடுகிறது.

குறைகள் உண்டு. ஒரு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் மதியத்துக்குள் சூடு ஏறிவிடும். வெளியூர் போகிறவர்களுக்கு இது சரிவராது. எறும்பு இதைவிடப் பெரிய ஆபத்து. ஈர மணலைத் தேடி வரும், முட்டை கீறும் நாளில் உள்ளே புகுந்தால் ஒரு குஞ்சும் மிஞ்சாது. பானையை ஒரு பலகை மேல் வைத்து, பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் வரை போகிற தாமதமான ஈடுகளுக்கும், கொல்லங்கோட்டுக்கு மேலே தென்மலை அடிவாரத்தில் இரவுக் குளிர் இருக்கும் வீடுகளுக்கும் பானை போதாது.

வழி 3: பல்ப் பெட்டி

இணையத்தில் தேடினால் முதலில் வருவது இதுதான். தெர்மாகோல் பெட்டி, ஒரு 40 வாட் குண்டு பல்ப், சூடு போதுமானதும் பல்பை அணைக்கும், சிவப்பு எண்கள் ஒளிரும் ஒரு சின்ன தெர்மோஸ்டாட் போர்டு. 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும், அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் வீட்டில் பல பேரிடம் இருக்கிறது.

நானும் இதில்தான் தொடங்கினேன். பதினொரு சாரை முட்டைகள், நாற்பதாவது நாள். போர்டில் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டது. பல்ப் அணையவே இல்லை. விடியற்காலை எழுந்து பார்த்தபோது 41 டிகிரி. முட்டையைக் கீறிப் பார்த்தால் செதில் வரைக்கும் உருவான குஞ்சுகள், ஒன்றுகூட உயிரோடு இல்லை. அன்றைக்கு வனத்துறைக்குப் போன் செய்து சொன்ன வார்த்தைகள் இன்னும் எனக்குள் இருக்கின்றன. விலை மலிவான போர்டில் இது அபூர்வமாக நடப்பது இல்லை. ரிலே கெட்டால் பல நேரங்களில் இப்படி இணைப்பிலேயே ஒட்டி நின்றுவிடுகிறது. இந்தப் பெட்டி கெடும்போது சூட்டின் பக்கமாகத்தான் கெடுகிறது. நம் முட்டைக்குக் கொல்லும் பக்கமும் அதுதான்.

அதோடு பல்ப் காற்றை உலர்த்துகிறது. பல்புக்குப் பக்கத்தில் ஒரு சூடு, மூலையில் வேறொரு சூடு. கரண்ட் போனால் தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று ஒரு மணி நேரம்கூடச் சூட்டைப் பிடித்து வைக்காது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை.

வேறு வழியே இல்லாமல் இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், இரண்டு தெர்மோஸ்டாட்டுகளைத் தொடராக இணையுங்கள். முதலாவது 30இல், இரண்டாவது 32இல் அணையட்டும். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது காப்பாற்றும். சென்சார் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பல்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வழி 4: மீன் பெட்டியும் ஹீட்டரும்

மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டியை வாங்கி நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அடியில் நாலு அங்குலம் தண்ணீர், அதில் தண்ணீருக்கு மேல் தலை தெரியும்படி இரண்டு செங்கல், செங்கல் மேல் முட்டை டப்பா. செங்கல்களுக்கு நடுவில் தண்ணீருக்குள் 50 வாட் மீன்தொட்டி ஹீட்டர். தண்ணீரை 30, 31இல் வைத்தால் டப்பாவுக்குள் ஒரு டிகிரி குறைவாக நிற்கும். பெட்டி, ஹீட்டர், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லாம் சேர்த்து எனக்கு 800 ரூபாய் பக்கம் ஆனது. ஹீட்டர் பாதி நேரம் ஓடினாலும் ஒரு நாளைக்கு 0.6 யூனிட், 60 நாளைக்கு 36 யூனிட்தான்.

கரண்ட் வழிகளில் நான் நம்புவது இதை மட்டும்தான். பத்து லிட்டர் தண்ணீர் சட்டென்று சூடாகாது, சட்டென்று ஆறவும் ஆறாது. மழைக்காலத்தில் மூன்று மணி நேரம் கரண்ட் போனாலும் டப்பாவுக்குள் ஒரு டிகிரிதான் இறங்குகிறது. காற்றில் ஈரமும் தானே இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை: மூடியில் கோர்க்கும் நீர் முட்டை மேல் சொட்டினால் அழுகும், டப்பா மேல் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் வற்றி ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும், வாரம் இரண்டு முறை மட்டம் பார்க்க வேண்டும். கையை விடும் முன்பு ப்ளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும். இன்னொன்று, இது சூடேற்ற மட்டும்தான் தெரிந்த பெட்டி. அறையே 35 இருக்கும் ஏப்ரலில் ஹீட்டர் அணைந்தே கிடந்தாலும் உள்ளே 34 காட்டும். அந்த மாதத்தில் இதை வைத்து ஒரு பயனும் இல்லை.

கோழி இன்குபேட்டரும் பழைய ஃப்ரிட்ஜும்

"வீட்டில் கோழி இன்குபேட்டர் சும்மாதான் இருக்கிறது, அதில் வைக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். வைக்கக் கூடாது. அது 37.5 டிகிரிக்குச் செய்தது, முட்டையைத் தானே புரட்டவும் செய்யும். பாம்பு முட்டையைக் கொல்ல இரண்டில் ஒன்றே போதும்.

பழைய ஃப்ரிட்ஜுக்குள் ஹீட்டிங் கேபிள் போட்டுச் செய்வது நல்ல அமைப்பு, நாலைந்து ஈடு ஒரே நேரத்தில் வைக்கலாம். மீட்பு மையத்துக்குப் பொருந்தும். ஒரு வீட்டில் ஒரு ஈட்டுக்காக அதைச் செய்வது வீண்.

ஒரு பார்வையில்

| | எடுக்காமல் விடுவது | பானை | பல்ப் பெட்டி | மீன் பெட்டி, ஹீட்டர் |
|---|---|---|---|---|
| மார்ச்–மே வெயில் | மிக நல்லது | நல்லது | ஆபத்து | பயனில்லை |
| ஜூன்–ஜூலை மழை | நல்லது, தண்ணீர் தேங்காத இடமானால் | நல்லது, சில நாள் தாமதம் | சுமார் | மிக நல்லது |
| தாமதமான ஈடு, மலையடிவாரம் | நல்லது | போதாது | சுமார் | மிக நல்லது |
| கரண்ட் போனால் | கவலையில்லை | கவலையில்லை | சீக்கிரம் ஆறும் | 3 மணி நேரம் தாங்கும் |
| அன்றாட வேலை | ஆட்களைத் தள்ளி நிறுத்துவது | இரண்டு வேளை தண்ணீர் | அடிக்கடி பார்ப்பது, ஈரம் சேர்ப்பது | வாரம் இரண்டு முறை |
| கெட்டால் எப்படிக் கெடும் | நாய், பெருச்சாளி, உடும்பு | மறதி, எறும்பு | சூடேறி | ஆறி, ஹீட்டர் அணையாமல் ஒட்டிக்கொண்டால் மெல்லச் சூடேறி |

பாம்பைப் பொறுத்தும் முடிவு மாறும்

சாரை, தண்ணீர்ப்பாம்பு முட்டைகளுக்கு மே மாதமென்றால் பானை, ஜூலை பாதிக்கு மேல் என்றால் மீன் பெட்டி. மலைப்பாம்பு வேறு. தாய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, உடம்பைத் துடிக்க வைத்துச் சூடு கொடுக்கிறது. 31, 32 டிகிரி அப்படியே நிற்க வேண்டும். முடிந்தவரை தாயோடு விடுவதே வழி, எடுத்தே ஆக வேண்டுமானால் ஹீட்டர்தான். அணலி என்று மலையாளத்தில் சொல்லும் கண்ணாடி விரியன் முட்டையே இடாது, குட்டியாகத்தான் போடும். ஆகவே "அணலி முட்டை" என்று யாராவது கொண்டுவந்தால் அது வேறு எதன் முட்டையோதான்.

நல்லபாம்பு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். குஞ்சு முட்டையை விட்டு வரும்போதே விஷத்தோடும், படமெடுக்கும் தைரியத்தோடும் வருகிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எந்தப் பெட்டியிலும் அதை வைக்காதீர்கள், வனத்துறை மையத்தில் கொடுத்துவிடுங்கள். முட்டையை மட்டும் பார்த்து இது சாரை, இது நல்லபாம்பு என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. தாயைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால் நல்லபாம்பு என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். எடுக்கும்போதும் அப்படித்தான், தாய் பக்கத்திலேயே காவல் இருக்கும்.

கடைசிப் பத்து நாள்

நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து டப்பாவின் மூடியை நூல் போட்டுக் கட்டிவையுங்கள். துளைகளுக்கு மேல் நெருக்கமான நைலான் வலை. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குஞ்சு எந்த இடுக்கிலும் போய்விடும். முட்டை கொஞ்சம் உள்வாங்கிக் குழி விழுந்தால் இப்போது பயப்பட வேண்டாம், பொரிக்கப் போகிறது என்று பொருள். தண்ணீர் தெளிக்காதீர்கள்.

குஞ்சு, மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலையை மட்டும் வெளியே நீட்டும். ஆள் நிழல் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு நாள், ஒன்றரை நாள் அப்படியே இருக்கும். மிச்ச மஞ்சள் கரு அப்போதுதான் வயிற்றுக்குள் போகிறது. இழுத்துவிடக் கூடாது. இரை எதுவும் கொடுக்க வேண்டாம், அந்த மஞ்சள் கருவே முதல் சட்டை உரிக்கும் வரை தாங்கும். வனத்துறை ஆட்கள் வந்து, முட்டை கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவார்கள்.

வேலந்தாவளம் முட்டைகள் பதிமூன்றில் நாலு பூஞ்சை பிடித்துப் போயின. மிச்சம் ஒன்பதும் பானையில் 64ஆம் நாள் கீறத் தொடங்கின. எல்லாம் சாரை. விடும்போது தோப்புக்காரர் அண்ணனும் வந்திருந்தார். வேரைப் பிடுங்கிய குழியை அவர் மூடியிருக்கவில்லை. தென்னை மட்டைகளைப் போட்டு வைத்திருந்தார். ஒன்பதும் அதற்குள்தான் போயின.